லோடு ஏற்றினால் மட்டும் இழுக்காத லாரி: என் அனுபவம்

என் லாரி லோடு ஏற்றினால் மட்டும் மேட்டில் திணறிக் கரும்புகை கக்கியது, டீசலும் அதிகம் குடித்தது. காலி வண்டியாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று. இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்தோம், சரியாகவே இருந்தது. டீசல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றும் பூட்டிப் பார்த்தேன். பைசா பயனில்லை.

அப்புறம்தான், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்பை ஒட்டி, எண்ணெயில் தூசி அப்பிய ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது அங்கே காற்று கசியாது. லோடு இழுக்கும்போது பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறினால்தான் ஹோஸிலுள்ள வெடிப்பு வாய் பிளக்கும். ஹோஸைக் கழற்றி, இரு முனையையும் அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று விட்டு சோப்புத் தண்ணீர் தெளித்ததும் நுரை பொங்கியது.

மாற்றாக சிலிக்கான் ஹோஸ் போட்டேன். வெறும் சிலிக்கானில் எண்ணெய் ஊறி வெளியே கசியும். உள்பக்கம் ஃப்ளோரோசிலிக்கான் அடுக்கு இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கூடவே போல்ட் வைத்து இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப். புகை நின்றது, பழைய மைலேஜ் திரும்பியது, பெரிய நிம்மதி.

இன்ஜின் சக்தியைக் கூட்ட மாட்டும் மின்னணுப் பெட்டியான ட்யூனிங் பாக்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் கேபின் மேல் காற்றுத் தடுப்பு போடப்போகிறேன். உயரமான பாடி நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது அதுதான் டீசலை மிச்சப்படுத்தும்.