ஆறு நாள் தொழில்முனைவுப் பயிற்சி: பயிற்றுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் மதுரையை அடுத்த ஒரு கல்லூரியில் நடந்த ஆறு நாள் தொழில்முனைவுப் பயிற்சியின் நிறைவு நாளுக்கு என்னை அழைத்திருந்தார்கள். நடத்திய இருவரும் பயிற்றுநர் பணிக்குப் புதியவர்கள். உழைப்பிலும் அக்கறையிலும் அவர்களிடம் குறை காண முடியாது. வளாகத்து வேப்பமரங்களின் கீழே மாணவர்கள் 12 கடைகள் போட்டிருந்தார்கள். பிற்பகல் 3 மணிக்கு, பன்னிரண்டு கடைகளும் லாபம் ஈட்டிவிட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். என் முதல் பயிற்சிகளில் நானும் இதே அறிவிப்பைச் செய்திருக்கிறேன் என்பதால் அந்தக் கைதட்டலில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை.

அதிகமாகப் பேசுவது, நேரம் தவறுவது, கடைசி வரிசையைக் கவனிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை இரண்டாவது பயிற்சியிலேயே எவரும் திருத்திக்கொள்வார்கள். பயிற்சி நன்றாக நடந்தது என்ற நிறைவைத் தந்துவிட்டு, பின்னால் பயிலுநருக்குச் செலவு வைக்கும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வளாகத்துக்குள் சந்தை வைத்தல்

செய்து கற்றல் என்ற பெயரில் நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகளில் பெரும்பாலானவை கடைசி நாளில் ஒரு சந்தையோடு முடிகின்றன. அந்தச் சந்தையில் வாங்குபவர்கள் யார் என்று பாருங்கள். வகுப்புத் தோழர்கள், ஆசிரியர்கள், அழைப்பை ஏற்று வந்த பெற்றோர். இவர்கள் பொருளுக்காக வாங்குவதில்லை. பிள்ளையை வாழ்த்துவதற்காக வாங்குகிறார்கள். வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை, பக்கத்தில் போட்டிக் கடை இல்லை, வேறெங்கும் போய் வாங்க வழியும் இல்லை. இத்தனை சலுகைகளுக்கு நடுவே கிடைத்த பணத்தை லாபம் என்று அழைக்கப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சிகளில் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு.

அன்று முதல் பரிசு பெற்றது பருத்திப்பால் விற்ற நான்கு மாணவிகளின் குழு. டம்ளர் 25 ரூபாய் வீதம் 72 டம்ளர் விற்று 1,800 ரூபாய் வாங்கியிருந்தார்கள். பருத்திக்கொட்டை, கருப்பட்டி, தேங்காய், சுக்கு, ஏலக்காய், காகித டம்ளர் எல்லாம் சேர்ந்து 900 ரூபாய் செலவு. எனவே லாபம் 900 ரூபாய் என்று பலகையில் எழுதப்பட்டிருந்தது. நான் அவர்களோடு உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டேன். வீட்டு அடுப்பில் எரிந்த எரிவாயுவுக்கு 90 ரூபாய், அப்பாவின் வண்டியில் பாத்திரங்கள் வந்து போனதற்கு 130 ரூபாய் என்று வைத்தால் மீதம் 680 ரூபாய். முந்தைய நாள் கொட்டையை ஊறவைத்ததில் தொடங்கி, ஆட்டி, பால் பிழிந்து, காய்ச்சி, விற்று, பாத்திரம் கழுவியது வரை நான்கு பேரும் தலைக்கு 8 மணி நேரம் உழைத்திருந்தார்கள். 680 ரூபாயை 32 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 21 ரூபாய் சொச்சம் வருகிறது.

அத்துடனும் முடியவில்லை. அதே அளவு பருத்திப்பால் கல்லூரி வாசலுக்கு வெளியே உள்ள தள்ளுவண்டியில் 15 ரூபாய். அந்த விலைக்கு 72 டம்ளரும் விற்றிருந்தால் வரவு 1,080 ரூபாய். செலவு 1,120 ரூபாய். கூலியைச் சேர்க்காமலே 40 ரூபாய் நட்டம். இந்தக் கணக்கைப் பார்த்தபோது அந்த மாணவிகளின் முகம் வாடியது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு நாள் பயிற்சியில் அவர்கள் கற்றிருக்க வேண்டியது இந்த ஒரு பக்கக் கணக்கைத்தான். அது பயிற்சி முடிந்த பிறகு, விருந்தினராக வந்த ஒருவரால் தற்செயலாக அவர்களுக்குக் கிடைத்தது.

இதில் எனக்கு இன்னும் கோபம் அடங்காததற்குக் காரணம் உண்டு. என் தொடக்க காலப் பயிற்சி ஒன்றில், சிறுதானிய முறுக்கு விற்ற இளைஞர் ஒருவருக்கு நானே மேடையில் முதல் பரிசு கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் அவருடைய சரக்கு முழுவதும் தீர்ந்திருந்தது. அந்த நம்பிக்கையில் அவர் தாயாரின் நகையை அடகு வைத்துக் கடை எடுத்து, முன்பணம் கட்டி, மூன்றே மாதத்தில் மூடினார். பிறகு என்னைப் பார்க்க வந்தபோது அவர் என்மேல் குறை எதுவும் சொல்லவில்லை. “சார், அன்னைக்கு வாங்கின ஒருத்தர்கூட கடைக்கு வந்து மறுபடி வாங்கலை” என்று மட்டும் சொன்னார். அந்தப் பரிசை நான் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் இன்னும் இரண்டு வாரம் தெருவில் விற்றுப் பார்த்திருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன்.

இப்போது நான் சந்தையை ஆறாம் நாளில் வைப்பதில்லை. இரண்டாம் நாள் மாலையே பயிலுநர்கள் வெளியே போய்விடுகிறார்கள். தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் தின்பண்டம் விற்கும் வியாபாரி ஒருவரோடு முன்கூட்டியே பேசி, அவருடைய வண்டிக்கு அருகில் நிற்க இடம் கேட்டுக்கொள்கிறேன். விற்பனையை இரண்டு பத்திகளாக எழுதச் சொல்கிறேன்: வாங்கியவரின் எண் விற்றவரின் கைபேசியில் இருந்தால் ஒரு பத்தி, இல்லாவிட்டால் மற்றொன்று. இரண்டாவது பத்தி மட்டுமே விற்பனை. நான்காம் நாள் அதே பொருளோடு அதே இடத்துக்குப் போக வேண்டும். முதல் முறை வாங்கியவர் மறுபடி வாங்கினால் அதற்குத் தனிக் குறி. தங்கள் உழைப்புக்கு மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்து அதையும் செலவில் எழுத வேண்டும். ஐந்தாம் நாள் விலை, அளவு, இடம் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி மூன்றாம் முறை விற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் விற்றது என்று தெரியாது. ஆறாம் நாள் முழுவதும் கணக்குக்கே. இப்படி நடத்தினால் பெரும்பாலான குழுக்கள் நட்டத்தோடுதான் முடிக்கின்றன. அழைத்த நிறுவனத்துக்கு அந்த நாள் உற்சாகமாக இருக்காது என்பதை முதலிலேயே சொல்லி ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.

திட்ட அறிக்கையை முதல் நாளே எழுத வைத்தல்

வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை தேவை என்பதால், அதைக் கொண்டே பயிற்சியைத் தொடங்கும் வழக்கம் இருக்கிறது. ஒருவருக்குக்கூட விற்றுப் பார்க்காதவர் ஐந்தாண்டு விற்பனையை எழுதும்போது, எண்களைக் கற்பனை செய்யத்தான் பழகுகிறார். 2011-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஆய்வகத்துக் கண்டுபிடிப்புகளைத் தொழிலாக்குவதற்காக ‘ஐ-கார்ப்ஸ்’ என்ற குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கியது. அமெரிக்கத் தொழில்முனைவோர் ஸ்டீவ் பிளாங்க் வகுத்த முறையில் அமைந்த அந்தப் பயிற்சியில் ஆராய்ச்சியாளர்களும் சில வாரங்களுக்குள், வாங்கக்கூடியவர்கள் 100 பேர் அளவில் நேரில் சந்தித்துப் பேச வேண்டும். ஆறு நாளில் நூறு பேர் நமக்கு முடியாது. ஒரு குழுவுக்கு 15 பேர் முடியும். அந்தப் பதினைந்து பேரிடமும் ‘இதை வாங்குவீர்களா’ என்று கேட்கவே கூடாது. நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. போன மாதம் இதற்காக எங்கே, எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

விளையாட்டை ஆடிவிட்டுக் கலைதல்

வளையம் எறியும் விளையாட்டைப் பெரும்பாலான பயிற்சிகளில் பார்க்கிறேன். உளவியலாளர் டேவிட் மெக்கிலெலண்டின் சாதனை ஊக்க ஆய்வுகளிலிருந்து நமக்கு வந்தது அது. 1964-ல் காக்கிநாடா வணிகர்களுக்கு ஹைதராபாத்தில் அவர் குழு நடத்திய பயிற்சிகளால் அந்த முறை இந்தியாவில் பரவியது. குச்சியிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதை எறிபவரே முடிவு செய்கிறார். சாதனை ஊக்கம் மிகுந்தவர்கள் மிக அருகிலும் நிற்பதில்லை, மிகத் தொலைவிலும் நிற்பதில்லை. முயன்றால் எட்டக்கூடிய இடத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய கண்டறிதல். புதிய பயிற்றுநர்கள் யாருடைய வளையம் விழுந்தது என்று எண்ணிப் பரிசு கொடுத்துவிட்டு உணவு இடைவேளைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாம் முறை எறியும்போது நீ ஏன் ஓரடி பின்னால் போனாய் என்று கேட்பதற்காகத்தான் அந்த விளையாட்டே இருக்கிறது. பத்து நிமிடம் ஆடினால் முப்பது நிமிடம் பேச வேண்டும். அந்த நேரம் இல்லையென்றால் ஆட வேண்டாம்.

முதல் பணத்தை அதிகமாகக் கொடுத்தல்

ஒரு குழுவுக்கு 500 ரூபாய் போதும். விற்ற பிறகு அதைத் திருப்பி வாங்குங்கள்.

நட்டத்தை நாமே ஈடுகட்டுதல்

செய்யாதீர்கள்.

வென்றவர்களை மட்டும் பேச அழைத்தல்

கடையை மூடிய ஒருவரையும் அழைத்து, அவருக்கும் அதே மரியாதையையும் அதே மதிப்பூதியத்தையும் கொடுங்கள்.

உரிம விவரங்களைக் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளுதல்

வீட்டில் சமைத்து விற்பவரும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். தெருவில் விற்பவருக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி விற்பனைச் சான்றிதழ் உண்டு. இவற்றைக் கடைசி நாளில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போனால் ஒருவருக்கும் நினைவிருக்காது. முதல் விற்பனைக்குப் போகும் முன்பே, அந்த விற்பனைக்கு எது தேவையோ அதை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

சான்றிதழோடு விட்டுவிடுதல்

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கு முன்னோடி, 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டி. பயிற்சி சில வாரங்களே என்றாலும், முடித்தவரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பது இந்த நிறுவனங்களின் முறை. தனியாகப் பயிற்சி நடத்துபவரால் அந்த அளவுக்கு இயலாமல் போகலாம். 30-ஆம் நாளும் 90-ஆம் நாளும் தொலைபேசியில் அழைப்பது எவராலும் இயலும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கிறோம் என்றே பதில் வரும். கடந்த வாரம் முன்பின் தெரியாதவர்கள் எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்று கேளுங்கள்.

அந்தப் பருத்திப்பால் குழுவில் இருவர் பதிவு வாங்கிய பிறகு தாங்களாகவே மூன்று மாலைகள் தெப்பக்குளத்துக்குப் போயிருக்கிறார்கள். கருப்பட்டியைக் கீழமாசி வீதி மொத்தக் கடையில் வாங்கி, டம்ளருக்கு 12 ரூபாய் 50 காசாக இருந்த செலவை 9 ரூபாய்க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூன்றாம் மாலை 34 டம்ளர் விற்றதாகவும், அதில் 9 பேர் இரண்டாம் முறை வாங்கியவர்கள் என்றும் என்னை அழைத்துச் சொன்னார்கள்.