டிஎன்பி சேரும் முன் ஒரு கடிதம்

அமெரிக்காவில் நர்ஸ் வேலையை விடாமல் டிஎன்பி என்ற முனைவர் பட்டம் படிக்கப் போகிறீர்களா? விண்ணப்பிக்கும் முன்பே, முதுகலை படித்த கல்லூரியில் கிளினிக்கல் மணி நேரத்துக்கு, அதாவது படிப்பின்போது செய்த நடைமுறைப் பயிற்சி நேரத்துக்கு, ஒரு சான்றுக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் இளங்கலைக்குப் பிறகு மொத்தம் 1,000 மணி நேரம் கேட்கின்றன. முதுகலையில் மேற்பார்வையில் செய்ததும் அதில் சேரும். 600 மணி கையில் இருந்தால் பாக்கி 400தான், அத்தனை லீவு மிச்சம். டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) மட்டும் நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் கிரெடிட்தான் இருக்கும், மணிக்கணக்கு இருக்காது. எத்தனை மணியை ஏற்பது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. வார்டில் சம்பளத்துக்குப் பார்த்த ஷிஃப்ட் பொதுவாகச் சேராது. அப்புறம், பிஎஸ்என் என்ற நர்சிங் இளங்கலை முடித்து, முதுகலை படிக்காமல் நேராக டிஎன்பி போகிறவர்களுக்கு இது உதவாது.