ஹார்ட் டாப்பைக் கழற்றும்போதும் எடுத்து வைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டியின் மேல் கழற்றி மாட்டக்கூடிய கெட்டியான கூரைதான் ஹார்ட் டாப். அதைத் தூக்கி இறக்குவதுதான் பெரிய வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆள் சேர்ந்துவிட்டால் அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நான் பார்த்தவரை டாப் கெடுவது தூக்குவதற்கு முந்தைய அவசரத்திலும், அதன்பிறகு மாதக்கணக்கில் அது மூலையில் கிடக்கும் விதத்திலும்தான்.

முதலில் ஒயர். ஜீப் ரேங்லர் போன்ற வண்டிகளில் பின் கண்ணாடியின் வைப்பருக்கும், கண்ணாடியில் படியும் ஈரப்பூச்சைச் சூடேற்றி நீக்கும் டிஃபாகருக்கும் போகும் மின் இணைப்பும், கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாயும் பின் மூலை வழியாக டாப்புக்குள் ஏறுகின்றன. போல்ட் எல்லாம் கழன்றாயிற்று என்று தூக்கினால் இவை இரண்டும் டாப்பைப் பிடித்து இழுக்கும். எனக்கு முதல் தடவை அதுதான் நடந்தது. பின்பக்கம் ஒரு சாண் உயர்ந்ததும் ஏதோ இறுகியது. மூன்று பேர் டாப்பை அப்படியே தாங்கி நிற்க, நான் உள்ளே குனிந்து கனெக்டரைத் தேடினேன். ஒயர் தப்பியது, குழாயின் நுனி பிய்ந்துவிட்டது. அன்றிலிருந்து முதல் போல்ட்டைத் தொடும் முன்பே இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறேன். கனெக்டரில் பூட்டு இருந்தால் அதை விடுவித்து, பிளாஸ்டிக் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. டாப் இல்லாமல் ஓட்டும் நாட்களில் பழக்கதோஷத்தில் பின் வாஷர் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வண்டிக்குள் கொட்டும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது போல்ட். இன்றைய ரேங்லரில் இருப்பது நட்சத்திரக் குழி கொண்ட டார்க்ஸ் வகை, அளவு டி50. அறுகோண ஆலன் கீயும் அதில் ஓரளவு பொருந்துவதுபோலத் தெரியும். அப்படித் திருகினால் குழியின் விளிம்புகள் தேய்ந்து, அடுத்த முறை சரியான கருவியும் வழுக்கும். முன் தகடுகள் தனியாகக் கழலும் டாப்பில் அவற்றை எடுத்த பிறகே பின்பகுதியைத் தொட வேண்டும். கழற்றிய போல்ட்களை ஒரு பையில் போட்டு டாப்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அவற்றைத் தேடி அலைவது வீண்பாடு.

ஆள் கணக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற இரண்டு இருக்கை வண்டியின் டாப் ஏறக்குறைய 20 கிலோதான், இரண்டு பேர் போதும். நான்கு கதவு ரேங்லரின் பின்பகுதி 60 கிலோவையும் தாண்டும். கண்ணாடி பின்னால் இருப்பதால் பாரமும் அங்கேதான். மூலைக்கு ஒருவராக நான்கு பேர் இருந்தால் நிம்மதி, சொல்வது மட்டும் ஒருவராக இருக்கட்டும். மோதிரம், கடிகாரம், பெல்ட் பக்கிள் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும், பெயின்ட்டில் கோடு விழுவது பெரும்பாலும் இவற்றால்தான். காற்று வீசும் நாளில் திறந்தவெளியில் தூக்கவே கூடாது. அகலமான டாப் பாய்மரம்போல் காற்றைப் பிடித்து ஆளையே தள்ளிவிடும். எங்கே இறக்கப் போகிறோம் என்பதைத் தூக்குவதற்கு முன்பே தீர்மானித்து, வழியைக் காலி செய்து, மெத்தையோ தடித்த ஃபோமோ விரித்திருக்க வேண்டும்.

இனி வைப்பது. நான் அதிகம் கவலைப்படுவது, டாப்பின் ஓரத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் பீடிங்கைப் பற்றித்தான். டாப்பின் முழு எடையும் பீடிங் மேல் உட்காரும்படி வெறும் காங்கிரீட் தரையில் மாதக்கணக்கில் விட்டால், ரப்பர் அமுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும். திரும்ப மாட்டினால் அந்த இடத்தில்தான் மழைநீர் ஒழுகும். எடை போல்ட் ஏறும் கெட்டியான இடங்களில் நிற்க வேண்டும். பீடிங் காற்றில் இருக்கட்டும். சின்ன டாப்பைச் சக்கர ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்துவதாக இருந்தால், சாயாதபடி சுவரோடு பெல்ட் போட்டுக் கட்டுங்கள். கண்ணாடியின் மேல் எடை விழும்படி எந்த நிலையிலும் வைக்கக் கூடாது.

கப்பி வைத்துக் கூரையில் தொங்கவிடுவது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கொக்கியைப் பொய்க்கூரைப் பலகையில் திருகுவது உயிரோடு விளையாடுவது. அது உத்தரத்திலோ கான்கிரீட் தளத்திலோ இறங்கியிருக்க வேண்டும், டாப்பின் எடையைவிடத் தாராளமாகத் தாங்க வேண்டும். கப்பிக் கயிற்றை மட்டும் நம்பாமல், ஏற்றி முடித்ததும் தனியாக ஒரு பெல்ட்டும் கட்டிவிடுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், கீழே நிற்கக் கூடாது.

மூடுவதற்கு பிளாஸ்டிக் தாள் வேண்டாம். உள்ளே ஈரம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் போகும் துணியுறை நல்லது. டாப்பைக் கழுவி, முழுக்க உலரவிட்ட பிறகே போர்த்த வேண்டும், இல்லையென்றால் உறைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே இருக்கும் தூசி உப்புத்தாள் வேலை செய்யும். பீடிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவலாம். எஞ்சின் ஆயிலும் பெட்ரோலிய ஜெல்லியும் கூடவே கூடாது. பீடிங்குக்குப் பரவலாகப் பயன்படும் இபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப் பலவீனமாகிவிடும். எலி நடமாட்டம் உள்ள இடம் என்றால் ஒயர் நுனியை அவ்வப்போது பாருங்கள்.

டாப்புக்குக் கீழே துணிக்கூரையும் மடித்து வைத்திருக்கும் வண்டியில், அதை ஈரத்தோடு மடித்துவிடாதீர்கள்.

திரும்ப மாட்டும் நாளில் எல்லா போல்ட்டையும் கையாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட்டு, பிறகுதான் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முதலிலேயே முழுக்க இறுக்கினால் மற்றத் துளைகள் விலகி, மரை கோணலாக ஏறி அழியும். பவர் டிரில்லை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். குழாயையும் கனெக்டரையும் சேர்த்து, வைப்பர் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் பீடிங் ஓரமாக மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கசியும் இடத்தில் சாக்பீஸால் குறித்துவிட்டு, அங்கே மட்டும் போல்ட்டைத் தளர்த்தி டாப்பைச் சற்று நகர்த்திப் பாருங்கள்.