இழுப்பது எது, தாங்குவது எது: பழைய இரட்டை இறக்கை விமானத்தைப் பார்க்கும் முறை

புதுப்பித்து நிறுத்தப்பட்ட ஒரு பழைய விமானத்தின் முன்னால் போய் நிற்பவரின் கண்ணில் முதலில் படுவது வர்ணத்தின் மினுக்கம்தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வையுங்கள். எங்கள் ஊர் ஆசாரி ஒருவரிடம், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் கொண்ட டைகர் மாத் விமானத்தின் படத்தை ஒருமுறை காட்டினேன். வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில இழுக்கிறது எது, தாங்குறது எது?" என்றார். இரட்டை இறக்கை விமானத்தைப் பார்க்கப் போகிறவர் கையோடு கொண்டுபோக வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்தில் வாழும் நமக்கு இந்த வகை விமானம் அந்நியமானதன்று. விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த காலத்தில், 1935ஆம் ஆண்டு, டாடா விமான சேவை முதன்முதலாகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்த ஃபாக்ஸ் மாத் விமானம் இரட்டை இறக்கை கொண்டதுதான். பயணிகள் முன்னால் மூடிய சிற்றறைக்குள் அமர்ந்திருக்க, அதை ஓட்டியவர் அவர்களுக்குப் பின்னால், வெயிலும் மழையும் படும்படி உட்கார்ந்திருப்பார். ஃபாக்ஸ் மாத்தைக் கட்டிய டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டைகர் மாத் 1931 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தது. எட்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட அந்த விமானம் இன்று பறக்கும் நிலையில் உள்ள பழைய விமானங்களில் எளிதாகக் காணக்கிடைப்பவற்றில் ஒன்று என்பதால், இந்த வழிகாட்டிக்கு அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். இந்திய விமானப்படையும் தன் டைகர் மாத் ஒன்றைப் புதுப்பித்து 2012இல் மீண்டும் பறக்க விட்டது. இங்கிலாந்தில் உறவினர் இருப்பவர்கள், அங்கே போகும்போது பெட்ஃபர்ட்ஷயரில் உள்ள ஷட்டில்வொர்த் சேகரிப்பு என்னும் பழைய விமானக் காட்சியகத்தின் பறக்கும் நாள் ஒன்றுக்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

முதலில் அருகே போகாதீர்கள். இருபது அடி தள்ளி, விமானத்தின் மூக்குக்கு நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். மேல் இறக்கை, கீழ் இறக்கை, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் மரக்கால்கள், அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகள் ஆகியவை சேர்ந்து ஒரு பெட்டியாக உங்களுக்குத் தெரிய வேண்டும். இது பாலம் கட்டுபவர்களின் அறிவு. இரயில் பாலங்கள் கட்டிய பொறியாளர் ஆக்டேவ் ஷனூட் 1896இல் தம் கிளைடருக்கு இரும்புப் பாலத்தின் சட்டக அமைப்பை எடுத்துக்கொண்டார். ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்திலும் அந்த அமைப்பே இருந்தது. மெல்லிய மரத்தால் ஆன ஒற்றை இறக்கை அந்தக் காலத்தில் தன் சுமையைத் தாங்காமல் முறிந்துவிடும். இரண்டை அடுக்கிக் கட்டினால் ஒவ்வொரு உறுப்பும் மெலிதாக இருந்தும் முழுப்பெட்டி உறுதியாக நிற்கும்.

இப்போது ஆசாரியின் கேள்வியைக் கேளுங்கள். மரக்கால்கள் தாங்குபவை, கம்பிகள் இழுப்பவை. கம்பியால் எதையும் தள்ள முடியாது என்பதால், ஒவ்வொரு கம்பியும் எந்தத் திசையில் இழுபடுகிறது என்று யோசித்தாலே அதன் வேலை தெரிந்துவிடும். உடலின் அடிப்பக்கத்திலிருந்து புறப்பட்டு, வெளியே சாய்ந்து மேலேறி, மேல் இறக்கையில் மரக்கால் பொருந்தும் இடத்தில் முடியும் கம்பிகளை விரலால் தொடாமல் கண்ணால் தொடருங்கள். பறக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கி மடங்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துபவை இவை. எதிர்ச்சாய்வில், மேல் இறக்கையின் நடுவிலிருந்து கீழ் இறக்கையின் வெளிப்பகுதிக்கு இறங்குபவை, விமானம் தரையில் நிற்கும்போதும் தரையில் வந்து மோதும்போதும் இறக்கைகள் தொங்கிவிடாமல் ஏந்திக்கொள்பவை. முதல் வகைக் கம்பிகள் பல விமானங்களில் இரட்டையாகப் போடப்பட்டிருக்கும், ஏனென்றால் வானத்தில் வரும் சுமையே பெரியது. முன் மரக்காலுக்கும் பின் மரக்காலுக்கும் இடையே பெருக்கல் குறிபோல் ஓடும் மூன்றாம் வகை, இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காக்கிறது.

கம்பி என்று சொன்னாலும் அது உருண்டையாக இருக்காது. அருகில் போனதும் அதன் குறுக்கு வெட்டைக் கவனியுங்கள்; நெல்மணியை நெடுக்காக நசுக்கியதுபோல் இரு பக்கமும் கூர்ந்திருக்கும். உருண்டைக் கம்பி தன் தடிமனுக்குப் பொருந்தாத அளவுக்குக் காற்றை மறிக்கும் என்பதைக் கண்டறிந்து, ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமானத் தொழிற்சாலையில் இந்த வடிவத்தை உருவாக்கினார்கள். கம்பியின் இரு முனைகளிலும் திருகுமரை உண்டு. அதைத் திருப்பி இறக்கையின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வார்கள். ஒரு கம்பியை முறுக்கினால் அதன் எதிர்க் கம்பியைத் தளர்த்த வேண்டும். நல்ல கைவேலையா என்பதை அறிய நான் முதலில் பார்ப்பது இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும்தான்: இரு பக்கத்து ஒத்த கம்பிகளும் ஒரே இறுக்கத்தில், ஒரே கோணத்தில், நடுவில் ஒன்றோடொன்று உரசாமல் கடந்து போக வேண்டும்.

இறக்கைக்கு வாருங்கள். ஓட்டு வீட்டின் கூரையைக் கீழிருந்து பார்த்துப் பழகியவருக்கு இது எளிது. நீளவாக்கில் ஓடும் இரண்டு உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்காக வரிசையாக அடுக்கிய கழுக்கோல்கள், அதற்கும் மேல் ஓட்டுக்குப் பதிலாகத் துணி. உத்தரங்கள் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தில் செய்யப்பட்டவை. எடைக்கு மிஞ்சிய வலிமையும் நேரான நாரும் அதன் சிறப்பு. அக்காலத்தில் மரத்தை ஒட்டப் பயன்பட்ட பசைகளில் ஒன்று பாலின் புரதத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஈரமும் பூஞ்சையும் பட்டால் அது வலுவிழந்துவிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிப் பெய்யும் நம் மாவட்டத்தில் அப்படியொரு இறக்கை எத்தனை ஆண்டு தாங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். ஆகவேதான் முறையாகப் புதுப்பிப்பவர்கள் பழைய துணியை முழுவதும் உரித்து, ஒவ்வோர் ஒட்டையும் சோதித்து, செயற்கைப் பசையால் மீண்டும் ஒட்டுகிறார்கள். உங்களுக்குத் தெரிவதோ துணி மட்டுமே. அதனால் வேலை நடந்தபோது எடுத்த படங்கள் உண்டா என்று உரிமையாளரிடம் கேளுங்கள்; உண்மையாக உழைத்தவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார்.

துணியில் பார்க்க வேண்டியது தையல். இறக்கையின் மேற்புறத்தில் ஒவ்வொரு கழுக்கோலின் மீதும் சிறு சிறு மேடுகள் வரிசையாகத் தெரியும். மெழுகு பூசிய நூலால் மேல் துணியையும் கீழ் துணியையும் கழுக்கோலோடு சேர்த்துக் கட்டிய முடிச்சுகள் அவை. அவற்றின் மேல் ஓரம் பல்பல்லாக வெட்டிய நாடா ஒட்டியிருப்பார்கள். பறக்கும்போது இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால் துணி மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. இந்தத் தையல் இல்லாவிட்டால் துணி கழுக்கோலை விட்டு உப்பிக் கிளம்பிவிடும். முடிச்சுகளின் இடைவெளி கடைசிவரை சீராக இருக்கிறதா என்று குனிந்து, இறக்கை நுனியிலிருந்து உடலை நோக்கி ஒரே கோட்டில் பாருங்கள். வர்ணத்தின் பளபளப்பைவிட இந்த வரிசைதான் பட்டறையின் பொறுமையைச் சொல்லும்.

முன்பு லினன் துணியை விரித்துக் கட்டி, அதன்மேல் டோப் என்னும் கரைசலைப் பல தடவை பூசினார்கள். காயும்போது அது சுருங்கித் துணியைச் செண்டைத் தோல்போல் விறைக்கச் செய்யும். பூசிய பட்டறையில் பழ எசன்ஸை நினைவூட்டும் காட்டமான நெடி நிற்கும். இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர் துணியை இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் சுருங்க வைக்கிறார்கள். லினன் போடாவிட்டால் மூலத்துக்கு உண்மையாகாது என்று வாதிடுபவர்கள் உண்டு. பறக்கிற விமானத்துக்கு நீடித்து உழைக்கும் துணியே நியாயம் என்பது என் எண்ணம். கண்காட்சிக் கூடத்தில் அசையாமல் நிற்கப்போவதற்கு மட்டும் லினன் பொருத்தம்.

தொடுவதைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். துணியை விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள். மோதிரமும் கேமரா வாரின் கொக்கியும் அதைக் கிழித்துவிடும். மூக்கிலுள்ள விசிறியான புரொப்பெல்லரை எக்காரணத்தைக் கொண்டும் தொடாதீர்கள். இந்த என்ஜினில் தீப்பொறியைக் கொடுப்பது மின்கலமன்று, மேக்னெட்டோ. தண்டு சுழன்றாலே அது மின்சாரம் உண்டாக்கும். சுவிட்சின் இணைப்பு ஒன்று பழுதாகியிருந்தால், கையால் விளையாட்டாகத் தள்ளியதே என்ஜினைக் கிளப்பப் போதும்.

மூக்குப் பகுதியில் உள்ளது ஜிப்ஸி மேஜர் என்ஜின்: நான்கு உருளைகள், காற்றாலேயே குளிர்வது, 130 குதிரைத்திறன். இன்றைய நடுத்தரக் கார் ஒன்றின் சக்தி அது. தூக்க வேண்டிய வெற்று விமானத்தின் எடை ஏறத்தாழ 500 கிலோ. உருளைகள் தலைகீழாகத் தொங்குவதைக் கவனியுங்கள். அப்படிக் கவிழ்த்து வைத்ததால் சுழல்தண்டு மேலே போய், விசிறி தரையிலிருந்து போதிய உயரம் பெறுகிறது; விமானியின் பார்வையையும் என்ஜின் மறைப்பதில்லை. பெட்ரோல் எங்கே என்று தேடினால் மேல் இறக்கையின் நடுவில், வளைந்த தகட்டுத் தொட்டியாக இருக்கும். கொள்ளளவு சுமார் 86 லிட்டர். பம்பு கிடையாது, நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் போலத் தானே இறங்கி வரும். தொட்டியின் தலையில் நிற்கும் சிறு கண்ணாடிக் குழாய்க்குள் மிதவையின் முனை தெரியும். எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்பதை விமானி அண்ணாந்து பார்த்துத்தான் அறிகிறார்.

இறக்கைகள் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருப்பதற்கு ஒரு கதை உண்டு. பயிற்சியில் முன் இருக்கைக்காரர் பாராசூட்டோடு தப்பிக் குதிக்க மேல் இறக்கையின் நடுப்பகுதி இடைஞ்சலாக இருந்தது. அதை முன்னால் நகர்த்தினார்கள். அதனால் எடைக்கும் தூக்குவிசைக்கும் இருந்த சமநிலை கெட்டது. அதை மீட்க இறக்கை நுனிகளைப் பின்னுக்கு இழுத்தார்கள். அழகுக்காகச் செய்ததாகப் பலர் நினைக்கும் சாய்வு இது.

உரிமையாளர் அனுமதித்தால், கட்டுப்பாட்டுக் கோலை அசைக்கச் சொல்லிப் பாருங்கள். கோல் இடப்பக்கம் போனால், கீழ் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்களில் இடது மடல் மேலேறும், வலது மடல் கீழிறங்கும். மேல் இறக்கையில் மடலே இல்லை. மேலேறும் மடல் நிறையவும் கீழிறங்கும் மடல் சிறிதளவுமே நகர்வதைக் கூர்ந்து பாருங்கள். கீழிறங்கும் மடல் காற்றை அதிகம் மறித்து மூக்கைத் தவறான பக்கம் திருப்பிவிடும் என்பதால் செய்த ஏற்பாடு அது. மரக்கால் ஒன்றில் சிறு தகடு பொருத்திய வேகமானியும் சில விமானங்களில் இருக்கும். காற்று தகட்டைத் தள்ளத் தள்ள, அது பின்னாலுள்ள எண்களின் மேல் நகரும். எனக்கு இந்த விமானத்திலேயே மிகவும் பிடித்த கருவி இதுதான், ஏனென்றால் இதற்கு விளக்கவுரையே தேவையில்லை.

கிளப்பும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். சுவிட்சுகள் இருக்கைக்கு வெளியே பொருத்தப்பட்டிருப்பது, விசிறியைச் சுற்றுபவர் தம் கண்ணாலேயே அவற்றைப் பார்ப்பதற்காக. சுற்றுபவரும் விமானியும் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்வார்கள். சுவிட்ச் அணைந்த நிலையில் சில சுற்று, எரிபொருளை உள்ளே இழுக்க. பிறகு சுவிட்சைப் போட்டு ஒரே வீச்சு. ஒருவர் மட்டும் பறப்பதாக இருந்தால் அவர் பின் இருக்கையில் அமர்ந்திருப்பார். எடைச் சமநிலை அப்போதுதான் சரியாக வரும்.

ஓடுபாதைக்குப் பதிலாகப் புல்வெளியில் அது இறங்கும் இடத்தைத் தேர்ந்து நில்லுங்கள். என்ஜினின் வேகத்தைக் குறைத்து அது சறுக்கி வரும் அரை நிமிடத்தில், கம்பிகளின் ஊடே காற்று பாடுவது தரையில் இருப்பவருக்கும் கேட்கும். தரையைத் தொட்டதும் வாலின் அடியிலுள்ள இரும்பு நாக்கு புல்லைக் கீறி வேகத்தைக் குறைக்கும். மூல வடிவில் இதற்குப் பிரேக்கே கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசுவதுபோன்ற காற்று அன்று இருந்தால், உதவியாளர் ஒருவர் ஓடிவந்து கீழ் இறக்கையின் வெளிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். அவர் துணியைப் பற்றவில்லை, மரக்கால் உத்தரத்தோடு சேரும் இடத்தைப் பற்றியிருக்கிறார் என்பதைப் பாருங்கள்.