முதல் வாட்டில் நடக்கும் தவறுகள்: வால்வு ஆம்பிளிஃபையரும் கூம்பு ஸ்பீக்கரும்

மயிலாப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர், மூடிப்போன திரையரங்கிலிருந்து வந்த கூம்பு ஸ்பீக்கர் (முன்னால் விரிந்த குழல் வழியே ஒலியை விடுவது) ஜோடி ஒன்றை வாங்கி வீட்டில் நிறுத்தினார். அதற்குத் துணையாக, பழுது நீக்கிப் புதுப்பித்த 1950களின் வால்வு ஆம்பிளிஃபையர் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்குவது) ஒன்றும் வந்து சேர்ந்தது. பழுது பார்த்தவரின் மேசையில், சின்ன ஸ்பீக்கரில் கேட்டபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை. நானும் உடன் போயிருந்தேன், நானும்தான் தலையாட்டினேன். வீட்டில் இணைத்து ஸ்விட்சைப் போட்டதும், பாட்டு தொடங்குவதற்கு முன்பே, அடுத்த அறையில் கிரைண்டர் ஓடுவதுபோல ஓர் உறுமல். நண்பரின் மனைவி எட்டிப் பார்த்து, "இதுதான் பாட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வழியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. மேசையிலும் அந்த உறுமல் இருந்தது. அதை எடுத்துக்காட்டும் ஸ்பீக்கர்தான் அங்கே இல்லை.

இந்தச் சேர்க்கையில் நேரும் தவறுகளில் பாதிக்கு மேல் ஸ்பீக்கரின் உணர்திறன் என்ற இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன. ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறதோ அதுதான் அதன் உணர்திறன். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட். இன்றைய சிறிய அலமாரி ஸ்பீக்கர்கள் 86 டெசிபல் அளவில் நிற்கும். பால் கிளிப்ஷ் 1946இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில் நிறுவனம் தொடங்கி விற்ற கிளிப்ஷ்ஹார்ன் 104 டெசிபலைத் தொடும். வித்தியாசம் 18 டெசிபல். வாட் கணக்கில் 63 மடங்கு. வீட்டில் தாராளமாகக் கேட்கும் 80 டெசிபல் ஒலிக்கு அந்த ஸ்பீக்கர் கேட்பது 4 மில்லிவாட். மிருதங்கத்தின் ஓர் அடி சராசரியைவிட 20 டெசிபல் எகிறினாலும் அரை வாட்டைத் தாண்டாது. ஆகவே நீங்கள் வாழப்போவது முதல் வாட்டுக்குள். ஆம்பிளிஃபையரின் பத்தாவது வாட் எப்படி இருக்கிறது என்பது உங்களுக்கு வேண்டாத விவரம்.

இது தெரிந்தும் வாட்டைப் பார்த்தே வாங்குகிறார்கள். அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1954இல் எட்கர் வில்ச்சர் கொண்டுவந்த ஏஆர்-1 ஸ்பீக்கர், சின்ன மூடிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் ஒலியைக் கொடுத்தது. கொடுத்த விலை உணர்திறன். அத்தகைய பெட்டிகளை ஓட்ட வாட் வேண்டியிருந்தது; 1959இல் டைனாகோ ஸ்டீரியோ 70 சேனலுக்கு 35 வாட், 1961இல் மெக்கின்டாஷ் எம்சி275 சேனலுக்கு 75 வாட் என்று கணக்கு ஏறியது. அருமையான கருவிகள்தான். கூம்புக்கு முன்னால் அந்த வாட்டுகள் சும்மா நிற்கும், அவ்வளவே.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 45 என்ற வகை வால்வு ஒன்று 2 வாட் தரும், 300பி என்ற வகை ஒன்று 8 வாட் தரும், உணர்திறன் மிக்க ஸ்பீக்கருக்கு இது போதும் என்று கேள்விப்பட்டு, 92 டெசிபல் ஸ்பீக்கரை 2 வாட்டில் மாட்டுகிறார்கள். 104க்கும் 92க்கும் இடையில் 16 மடங்கு இருக்கிறது. இன்னொரு கண்ணி: 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் அது இரண்டு வாட். விளம்பரத்தில் 95 என்று இருந்தால், ஒரு வாட்டுக்கு 92 என்று படிக்க வேண்டும்.

உறுமலுக்கு வருவோம். நண்பர் வீட்டில், ஆம்பிளிஃபையரின் உள்ளீட்டை ஷார்ட் செய்துவிட்டு (வெளியிலிருந்து எதுவும் நுழையாதபடி அதன் இரு முனைகளையும் இணைத்துவிட்டு), ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். 3.1 மில்லிவோல்ட். 104 டெசிபல் ஸ்பீக்கரில் இது ஒரு மீட்டரில் ஏறத்தாழ 45 டெசிபல். 86 டெசிபல் ஸ்பீக்கரில் 27. இரவில் அமைதியான அறையே 30ஐ ஒட்டி இருக்கும் என்பதால், சின்ன ஸ்பீக்கரில் அது அறையின் ஓசைக்குள் மறைந்துபோயிருந்தது. பழுது பார்த்தவர் பொய் சொல்லவில்லை, அளக்கவில்லை.

உள்ளீட்டை ஷார்ட் செய்ததும் உறுமல் நின்றிருந்தால், குற்றம் வெளியிலிருந்து வருகிறது என்று பொருள்: பெரும்பாலும் இரண்டு கருவிகளின் எர்த் சேர்ந்து போட்ட வளையம். இங்கே நிற்கவில்லை. அடுத்தது அதன் சுருதி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் நம் ஊரில், வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பியிலிருந்து கசிவது 50 ஹெர்ட்ஸ். ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் எஞ்சிய அலை 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். முன்னது அடிவயிற்றில் படும் கும்மென்ற ஓசை. பின்னது கரகரப்பானது, காதுக்கு எளிதில் எட்டும். நண்பருடையது இரண்டாவது வகை.

இங்கேதான் எல்லோரும் அந்த அலையைக் குறைக்கும் ஃபில்டர் கண்டன்சர்மீது பாய்கிறார்கள். 40 மைக்ரோஃபாரடை எடுத்துவிட்டு 220 போட்டால் உறுமல் குறையும்தான். ஆனால் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வுக்கு அதைத் தயாரித்தவர்கள் வகுத்த வரம்பு 60 மைக்ரோஃபாரட். அதற்கு மேல் போனால் ஸ்விட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் வால்வு தாங்க முடியாத மின்னோட்டத்தை இழுக்கும். ஒருநாள் உள்ளேயே பொறி பறந்து முடியும். அந்த வால்வைப் பிடுங்கி சிலிக்கான் டயோடு வைப்பவர்கள் வேறொரு வம்பை வாங்குகிறார்கள்: உயர் மின்னழுத்தம் கூடுகிறது, அதுவும் மற்ற வால்வுகள் சூடாகுமுன்பே வந்து நிற்கிறது.

புஷ்புல் ஆம்பிளிஃபையரில் இரண்டு அவுட்புட் வால்வுகளும் எதிரெதிராக இழுப்பதால், மின்வழங்கியில் எஞ்சிய அலை, வால்வுகளை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும். வால்வுகள் சமமாக இருந்தால்தான் அது நடக்கும். அளந்து பார்த்தேன்: ஒரு சேனலில் ஒரு இஎல்84 வால்வு 37 மில்லிஆம்பியர் இழுத்தது, அதன் ஜோடி 23. கண்டன்சர் புதியதுதான், ஜோடிப் பொருத்தம் சரியில்லை. பொருத்தமான ஜோடியைப் போட்டதும் 0.9 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது. மிச்சம் இருந்தது 50 ஹெர்ட்ஸ். உள்ளீட்டுக் கம்பியைப் புதிதாகப் போட்டபோது யாரோ அதை ஹீட்டர் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று. ஹீட்டர் கம்பிகளைத் தனியாக முறுக்கி, உலோகச் சட்டத்தின் மூலையோடு அணைத்து ஓட்டியபின் 0.4. இந்த ஸ்பீக்கர்களுக்கு அரை மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்பதுதான் என் கணக்கு. ஒரு மில்லிவோல்ட் இருந்தால் நள்ளிரவில் கேட்கும்.

பயஸ் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் வால்வில் ஓடும் மின்னோட்டத்தை அமைப்பது) விஷயத்திலும் இதே முதல் வாட் பேசும். டைனாகோ ஸ்டீரியோ 70இல் ஒவ்வொரு ஜோடிக்கும் 15.6 ஓம் ரெசிஸ்டர் வைத்து, அதில் 1.56 வோல்ட் வரும்படி திருப்பச் சொல்வார்கள். அதாவது இரண்டு வால்வுக்கும் சேர்த்து 100 மில்லிஆம்பியர். வால்வு நீண்ட நாள் உழைக்கட்டும் என்று இதைக் கொஞ்சம் இறக்குவது நியாயம். பாதியாக இறக்குவது நியாயமில்லை: அந்தச் சிக்கனத்தால் ஒலியில் வரும் உருத்திரிபு (டிஸ்டார்ஷன்) சின்ன ஒலியில்தான் முதலில் தலைகாட்டும், உங்கள் ஸ்பீக்கர் காட்டுவதும் சின்ன ஒலியைத்தான். அந்த ரெசிஸ்டர் இரண்டின் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 65ம் 35ம் சேர்ந்தாலும் 100தான்.

அடுத்த தவறு உள்ளீட்டில். லீக் ஸ்டீரியோ 20 அழகான ஆம்பிளிஃபையர், சேனலுக்குப் பத்து வாட், கூம்போடு நன்றாகச் சேரும். அதன் முழுச் சக்திக்கும் 125 மில்லிவோல்ட் உள்ளீடு போதும், ஏனென்றால் லீக் நிறுவனத்தின் சொந்த பிரீஆம்பிளிஃபையரோடு (ஆம்பிளிஃபையருக்கு முன்னால் வைக்கும் கருவி) சேர்வதற்காக அப்படி அமைத்தார்கள். இன்றைய சிடி பிளேயர் உச்சத்தில் 2 வோல்ட் தருகிறது. சராசரி அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 200 மில்லிவோல்ட். 104 டெசிபல் ஸ்பீக்கரில் 80 டெசிபல் கேட்க இந்த ஆம்பிளிஃபையருக்கு வேண்டியதோ 2.5 மில்லிவோல்ட். எண்பது மடங்கு குறைக்க வேண்டும். வால்யூம் குமிழ் ஒரு மயிரிழை நகர்ந்தாலே வீடு அதிரும். அந்தக் கீழ்க்கோடியில் இடது வலது சேனல்கள் சமமாக இருப்பதும் அபூர்வம். பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பாடுவார். பலர் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கிறார்கள். இதற்கு மருந்து ஆம்பிளிஃபையரின் உள்ளீட்டில் சிக்னலைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள்; சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சிக்னலை இன்னும் பெருக்கும் பிரீஆம்பிளிஃபையரை இடையில் நுழைப்பது, நிரம்பி வழியும் குடத்துக்குக் குழாய் வைப்பது.

அவுட்புட் முனைகள் பற்றிச் சுருக்கமாக. பழைய ஆல்டெக், டானாய் ஸ்பீக்கர்களில் 16 அல்லது 15 ஓம் இம்பிடன்ஸ் (ஆம்பிளிஃபையருக்கு ஸ்பீக்கர் காட்டும் மின்தடை) சாதாரணம்; ஆம்பிளிஃபையரின் பின்னால் 4, 8, 16 என்று முனைகள் இருக்கும். எண்ணுக்கு எண் பொருத்துவது நல்ல தொடக்கம், ஆனால் அது வேதவாக்கு அல்ல. ஸ்பீக்கரில் எழுதியிருப்பது ஒரு பேச்சுக்குச் சொன்ன எண். உண்மையில் அது அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும். பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழை திருத்துவது) இல்லாத ஒற்றை வால்வு ஆம்பிளிஃபையரின் சொந்த மின்தடை 2 ஓம் என்றும், ஸ்பீக்கர் 4 முதல் 40 ஓம் வரை ஆடுகிறது என்றும் வைத்தால், ஒலியில் மூன்று டெசிபல் மேடு பள்ளம் விழும். "வால்வின் இனிமை" என்று சிலர் உருகுவதில் இந்த மேடும் சேர்த்தி. 8 ஓம் ஸ்பீக்கரை 4 ஓம் முனையில் போட்டுப் பாருங்கள். சக்தி குறையும், உங்களுக்குத்தான் அது மிச்சம் இருக்கிறதே, பேஸ் இறுகும்.

ஒலியைக் கெடுப்பதோடு நில்லாமல் கருவியையே கொல்லும் தவறு ஒன்று உண்டு: பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றுவது. டிரான்சிஸ்டரில் பழகியவர்களுக்கு ஷார்ட்தான் பயம். வால்வில் தலைகீழ், சுமை இல்லாமல் சிக்னல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி, உள்ளே காப்புறை துளைபட்டுவிடும். இரண்டு ஆம்பிளிஃபையர்களை ஒப்பிட நடுவில் ஸ்விட்ச் வைப்பவர்கள், திருப்பும் கணத்தில் ஒன்று அந்தரத்தில் நிற்பதை நினைப்பதில்லை. எழுபது வயது டிரான்ஸ்ஃபார்மர் போனால் அதே போன்றது கிடைப்பது குதிரைக்கொம்பு.

அமெரிக்கக் கருவியை இங்கே ஓட்டுபவர்கள் 230ஐ 115 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடு கவலையை முடித்துக்கொள்கிறார்கள். அழுத்தம் சரியாகிறது, அதிர்வெண் 50ஆகவே இருக்கிறது. 60 ஹெர்ட்ஸுக்கென்று மட்டும் செய்த மின் டிரான்ஸ்ஃபார்மரில் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடும்; அது சூடாகும், தகடுகள் தாமே இரையும், அந்தக் காந்தப்புலம் பக்கத்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளும் கசியும். பின்தகட்டில் 50/60 என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரிட்டிஷ் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எர்த் முள்ளை வெட்டி உறுமலை நிறுத்துகிறவர்களுக்கு என்ன சொல்வது? உள்ளே 400 வோல்ட்டைத் தாண்டும் இடங்கள் இருக்கின்றன, ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். பழைய அமெரிக்கக் கருவிகள் பலவற்றில் இரண்டு முள் பிளக்கும், மின்கம்பியிலிருந்து உலோகச் சட்டத்துக்கு ஒரு கண்டன்சரும் இருக்கும். அந்தக் கண்டன்சர் பழுதாகி ஷார்ட் ஆனால் சட்டமே மின்சாரம். புதுப்பிக்கும்போது அதை எடுத்துவிட்டு மூன்று முள் கம்பி போட்டிருக்கிறார்களா என்று கேட்பது வாங்குபவரின் கடமை. வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட்டுக்கு சிக்னலைக் கொண்டுபோகும் கப்ளிங் கண்டன்சர்கள் மாற்றப்பட்டனவா என்பதையும் கேளுங்கள். அவை கசிந்தால் அவுட்புட் வால்வின் உள்ளே இருக்கும் உலோகத் தகடான பிளேட் செக்கச்சிவக்கும், பிறகு டிரான்ஸ்ஃபார்மரும் போகும்.

வாங்கப் போகும்போது கூம்பு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இப்போதெல்லாம் நான் ஒரு பையில் மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் மல்டிமீட்டர், உள்ளீட்டை ஷார்ட் செய்ய இரண்டு பிளக், 8 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் இரண்டு, இவ்வளவும் கொண்டுபோகிறேன். ரெசிஸ்டர்களை ஸ்பீக்கர் முனைகளில் மாட்டி, பதினைந்து நிமிடம் சூடாகவிட்டு, ஒவ்வொரு சேனலாக அளக்கிறேன். விற்பவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மீட்டரைத் தானும் எட்டிப் பார்த்தார், 2.2 மில்லிவோல்ட் காட்டியது, விலையை அவரே குறைத்தார்.