ஒயர் உரிக்கும் மெஷின்: வாங்கும்போதும் ஓட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஒயரைத் தோலோடு எடைக்குப் போட்டால் ஒரு விலை, உரித்து வெறும் செம்பாகப் போட்டால் வேறு விலை. இது தெரிந்ததுமே நிறைய பேர் மெஷின் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். தன்னிடம் வந்து சேருகிற ஒயர் எந்த அளவு, அதில் செம்பு எவ்வளவு என்று பார்க்காமல் வாங்குவதுதான் இந்த வேலையில் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செம்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம் எடை. அப்படியென்றால் 1 ஸ்கொயர் எம்எம் ஒயரில் (செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர்) மீட்டருக்குச் சுமார் 9 கிராம் செம்புதான் இருக்கும், ஒரு கிலோ சேர 110 மீட்டருக்கு மேல் உரிக்க வேண்டும். 95 ஸ்கொயர் எம்எம் ஒற்றைக் கோர் கேபிளில் (கோர் என்றால் தனித்தோல் போட்ட உள்கம்பி) அதே ஒரு கிலோ ஒன்றேகால் மீட்டருக்குள் கிடைத்துவிடும். வீட்டு ஒயரிங்கில் கழற்றிய மெல்லிய துண்டுகளையும் சார்ஜர் ஒயர்களையும் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து மெஷினில் ஊட்டினால் கூலி கூடத் தேறாது. அந்த மாதிரி சரக்கைப் பொடியாக நறுக்கிச் செம்பையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியாகப் பிரிக்கிற கிரானுலேட்டர் வைத்திருப்பவரிடம் தோலோடு கொடுப்பதே மேல்.

சந்தேகமாக இருந்தால் ஒரு அடி வெட்டி எடை போடுங்கள், கத்தியால் உரித்துச் செம்பை மட்டும் மறுபடி எடை போடுங்கள். எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். அப்புறம் வெட்டிய முனையைக் கொஞ்சம் சுரண்டியும் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதைச் செம்போடு கலந்துவிட்டால் மொத்த மூட்டைக்கும் விலை குறைப்பார்கள். வெள்ளீயம் (டின்) பூசிய செம்பும் தனியாகத்தான் போக வேண்டும்.

சரி, மெஷினுக்கு வருவோம். பல்லு வைத்த ரோலர் ஒயரை உள்ளே இழுக்கிறது, மேலே இருக்கும் பிளேடு தோலை நீளவாக்கில் கீறிவிடுகிறது, அவ்வளவுதான் வேலை. அதனால் எல்லாமே பிளேடு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதில் இருக்கிறது. தோல் சரியாகப் பிரியவில்லை என்றதும் பிளேடை இறக்கும் போல்ட்டை இறுக்கிக்கொண்டே போவது பலருக்கும் பழக்கம், பிளேடு செம்பைத் தொட ஆரம்பித்ததும் இழைகள் அறுந்து தோலிலேயே ஒட்டிக்கொண்டு போகும், பிளேடும் சீக்கிரம் மழுங்கும், மழுங்கியதும் இன்னும் இறுக்குவார்கள், மோட்டார் சூடேறும். உரித்த தோலைக் கையில் எடுத்துப் பாருங்கள்: உள்பக்கம் செம்பு முடி மாதிரி தெரிந்தால் ஆழம் அதிகம். மாதிரித் துண்டு ஒன்றை விட்டுப் பார்த்துக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி வைப்பதுதான் சரி. இதற்காகவே ஒயரை முதலில் தடிமன் வாரியாகப் பிரிக்க வேண்டும், கலந்த குவியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயருக்கும் பிளேடை மாற்றிக்கொண்டிருந்தால் வேலை நகராது.

லக் (ஒயர் முனையில் அழுத்திப் பொருத்திய உலோக இணைப்பு), கிளிப், டேப் சுற்றிய ஜாயின்ட் எல்லாவற்றையும் முன்னாலேயே வெட்டி எடுத்துவிடுங்கள். உள்ளே இரும்புக் கம்பிக் கவசம் வைத்த ஆர்மர்டு கேபிளை அப்படியே விடவே கூடாது. வெளித்தோலைப் பிரித்து, இரும்புக் கம்பிகளைக் கழற்றி, கோர்களை ஒவ்வொன்றாக விட வேண்டும்.

கை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ரோலர் ஒயரை இழுக்கிற அதே வேகத்தில் தொளதொள கையுறையையும், துப்பட்டாவையும், தோளில் போட்ட துண்டையும் இழுக்கும். வால்முனையை விரலால் தள்ளாதீர்கள், அடுத்த ஒயரை வைத்துத் தள்ளுங்கள். ரொம்ப நீளமான ஒயர் கடைசியில் சுழன்று முகத்தில் அடிக்கும், ஒன்றிரண்டு மீட்டராக வெட்டிக்கொள்வது நல்லது. டிரில் மாட்டி ஓட்டும் சின்ன மெஷின் என்றால் வேகத்தைக் குறைத்தே வையுங்கள், டிரில்லின் லாக் பொத்தானை அழுத்திவிட்டு ஓட்டவே கூடாது, சிக்கிக்கொண்டால் நிற்காது. பிளேடில் கை வைப்பதற்கு முன்னால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

இவ்வளவு வேலை எதற்கு, கொளுத்திவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு: தயவுசெய்து செய்யாதீர்கள். ஒயர் தோலில் இருக்கும் பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயு வரும், டையாக்சின் என்ற கடும் நச்சும் வரும், அந்த டையாக்சின் உருவாவதைச் செம்பே தூண்டிவிடும். சுற்றி இருக்கிற குழந்தைகளும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். லாபமும் இல்லை, எரிந்து கறுத்த செம்புக்குப் பளபளப்பான செம்பின் விலை கிடைக்காது. பழைய பிவிசியில் ஈயம் கலந்திருக்கும் என்பதால் உரித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். காகிதம் சுற்றி ஈய உறை போட்ட பழைய நிலத்தடி கேபிள் கிடைத்தால் மெஷின் பக்கமே கொண்டு போகாதீர்கள், அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் முழுசாகக் கொடுங்கள்.

உரித்த தோலையும் ஒரே சாக்கில் அடைக்க வேண்டாம். பிவிசியை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம், பெரிய பவர் கேபிள்களில் வரும் எக்ஸ்எல்பிஇ (குறுக்கிணைப்புச் செய்த பாலிஎத்திலீன்) தோல் உருகாது, இரண்டும் கலந்துவிட்டால் பிவிசிக்காரர் அந்தச் சாக்கை எடுக்க மாட்டார்.