பழைய கோவா போகிறவர்கள் சுவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்தே முப்பது வருஷம் ஓடிவிட்டது எனக்கு. போன தையில் மகளோடு பழைய கோவா தேவாலயங்களைப் பார்க்கப் போனேன். கொத்தனார் கண்ணில் பட்டதைத்தான் சொல்கிறேன்.

பணஜி பேருந்து நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர்தான், பஸ் அடிக்கடி உண்டு. ரயிலில் வந்தால் கர்மலி ஸ்டேஷன் பக்கம். காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நடக்க முடியாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வேட்டி, சேலைக்குக் கவலையில்லை. ஞாயிறு காலை பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள்.

முதலில் பொம் ஜேசு ஆலயம். 1594-ல் தொடங்கி 1605-ல் அர்ச்சித்தது. சவேரியாரின் உடல் வெள்ளிப் பேழையில் உயரத்தில் இருக்கிறது. நம் முத்துக்குளித்துறையில் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நில்லுங்கள். பிறகு வெளியே வந்து பக்கச் சுவரருகே குனிந்து பாருங்கள். நம் ஊருணிப் படிக்கட்டில் இருக்கும் அதே செம்புறாங்கல்! 1950-களில் பூச்சை உரித்துவிட்டார்கள். கல்லில் தேன்கூடு மாதிரித் துளைகள். பூச்சு போனால் மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி கல்லை அரிக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. சுண்ணாம்பு இந்தக் கல்லுக்குத் தோல் மாதிரி. தயவுசெய்து சுவரைச் சுரண்டாதீர்கள், சாயாதீர்கள்.

சாலைக்கு எதிர்ப்புறம் சே கதீட்ரல். வெள்ளைப் பூச்சோடு நிற்பதால், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். 1562-ல் ஆரம்பித்தது, 1619-ல்தான் முடிந்தது. இரண்டு கோபுரத்தில் ஒன்று 1776-ல் விழுந்துவிட்டது. மிச்சமிருப்பதில் பெரிய மணி. ஒட்டினாற்போல் புனித பிரான்சிஸ் அசிசி ஆலயம். தரையெல்லாம் கல்லறைப் பலகைகள், மெல்ல மிதியுங்கள். பக்கத்து அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

கயேத்தான் ஆலயத்தை அவசரமென்றால் விடலாம். புனித அகுஸ்தீனார் கோபுரத்தை விடவே விடாதீர்கள். பொம் ஜேசுவிலிருந்து மேடேறும் பாதை. 46 மீட்டர் உயரத்துக்குக் கட்டிய கோபுரம், இப்போது பாதிதான் நிற்கிறது. மடத்துத் துறவிகள் 1835-ல் வெளியேற, 1842-ல் ஆலயக் கூரை விழுந்தது. ஆளில்லாத வீடு எப்படி விழும் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? இடிபாட்டுச் சுவர்களில் பழைய வண்ண ஓடுகள் சில இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மகள் அதைப் பார்த்ததும், "அப்பா, ஆத்தங்குடி ஓடு செய்றவங்க இதைப் பார்க்கணும்" என்றாள். பிடிமானமுள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும்.